வீடியோ பாரைப் பிரிக்கும் முன் வயரைப் பாருங்கள்

மீட்டிங் அறையில் படம் உறைந்து நின்றாலும் குரல் விட்டுவிட்டுக் கேட்டாலும், முதல் பழி டிவிக்குக் கீழே மாட்டியிருக்கும், கேமராவும் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த வீடியோ பாரின் மேல்தான் விழுகிறது. வெண்டரைக் கூப்பிட்டு பாரை மாற்றுவார்கள். புதுசிலும் ஒரே வாரத்தில் அதே புகார் வரும். கோளாறு சுவருக்குள் ஓடும் கேபிளிலோ, நெட்வொர்க் பெட்டிகளை அடுக்கும் ராக்கில் இருக்கும், கேபிள்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலோ, இணைய வாசலைக் காக்கும் ஃபயர்வாலில் எப்போதோ வைத்த ஒரு ரூலிலோ இருந்தால், எத்தனை பார் மாற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும். அதனால்தான் இந்தப் பதிவில் பாரை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுப்பது பாதி தூரம் தாண்டித்தான் வருகிறது.

கணக்குக்கு வசதியாக ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 20 அடிக்கு 14 அடி, பத்துப் பேர் உட்காரும் மேஜை, 75 இன்ச் டிவி, அதன் கீழே ஒரு வீடியோ பார், மேஜையில் டச் பேனல், கூடுதலாக ஒரு மேஜை மைக், லேப்டாப்பைச் செருக ஒரு ஹெச்டிஎம்ஐ. தமிழ்நாட்டில் நடுத்தர அலுவலகங்களில் இன்று போடுவது பெரும்பாலும் இதுதான்.

சுவருக்குள் போவது

டிவி சுவரில் நான்கு நெட்வொர்க் பாயின்ட், மேஜைக்குக் கீழே இரண்டு. டிவி பக்கம் ஒன்று பாருக்கு, ஒன்று டிவிக்கு, ஒன்று பின்னால் கேட்கப்போகும் இரண்டாவது கேமராவுக்கு, ஒன்று உபரி. மேஜையில் ஒன்று டச் பேனலுக்கு, ஒன்று உபரி. உபரி பாயின்டை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். ஒரு கேபிள் செத்துப்போனால் சுவரை மறுபடி வெட்டி, பூசி, பெயின்ட் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கேபிள் கேட் 6, சுத்தமான தாமிரம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் 'கேட் 6' என்று அச்சடித்த பெட்டிக்குள் சிசிஏ வருவது சர்வசாதாரணம். சிசிஏ என்றால் அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லிய தாமிரப் பூச்சு. கண்டுபிடிக்க ஒரு பிளேடு போதும். பெட்டியிலிருந்து ஒரு ஜாண் நறுக்கி, ஒரு கம்பியின் தோலை உரித்துவிட்டு, மெல்லச் சுரண்டிப் பாருங்கள். தாமிரமாக இருந்தால் எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம்தான் வரும். சிசிஏ என்றால் மேல்பூச்சு போனதும் உள்ளே வெள்ளி மாதிரி பளிச்சென்று தெரியும். நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்தும் விடும். இதன் மின்தடை தாமிரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வெறும் டேட்டாவுக்கு ஓடுவது போலத் தெரியும். டச் பேனலுக்கு இதே கேபிள் வழியாக கரன்ட்டும் அனுப்பும்போதுதான் வோல்டேஜ் இறங்கி, பேனல் நடுவில் அணைந்து எழும்.

நீளத்துக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதில் சுவருக்குள் 90, இரு முனையிலும் சாதனத்தோடு சேர்க்கும் குட்டை கேபிளுக்கு, அதாவது பேட்ச் கார்டுக்கு, சேர்த்து 10. மாடி மாறி, தாழ்வாரம் சுற்றி, ஃபால்ஸ் சீலிங்கில் வளைந்து போகும் கேபிள் நேர்கோட்டில் அளந்ததைவிட எப்போதும் அதிகம் தின்னும் என்பதை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள். 230 வோல்ட் லைனோடு ஒரே பைப்பில் போகக் கூடாது. பக்கத்தில் ஓடினால் ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

க்ரிம்ப் செய்வதில், அதாவது கேபிள் முனையில் பிளக் அடிப்பதில், நடக்கும் ஒரு தப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டுக் கம்பிகளையும் அடுக்கும் டி568பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. அவசரத்தில் சிலர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். விளக்கு எரியும் டெஸ்டரில் வைத்தால் 1 முதல் 8 வரை வரிசையாக எரியும். 'பாஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் 3-வது பின்னும் 6-வது பின்னும் ஒரே முறுக்கு ஜோடியில் வர வேண்டும். இங்கே அவை வேறு வேறு ஜோடியில் இருப்பதால் ஒன்றின் சிக்னல் மற்றதில் கசியும். கொஞ்ச தூரம் வரை இழுத்துப் பறித்து ஓடும், கேபிள் நீளமானால் ஜிகாபிட் 100 மெகாபிட்டாக இறங்கும், பாக்கெட் (டேட்டா போகும் சிறு துண்டு) சிதையும். விளக்கு டெஸ்டர் கம்பி ஒட்டியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது, முறுக்கைப் பார்ப்பதில்லை. கண்ணால் நிறத்தைப் பார்ப்பதுதான் ஒரே வழி, அல்லது கசிவையும் அளக்கும் சர்டிஃபிகேஷன் டெஸ்டர் வேண்டும். கம்பியை அழுத்திப் பதிக்கும் (பஞ்ச்) இடத்தில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

மேஜையிலிருந்து டிவிக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ இன்னொரு தலைவலி. தரை வழியாகச் சுற்றிப் போனால் எட்டு, ஒன்பது மீட்டர் வரும். சாதாரண தாமிர ஹெச்டிஎம்ஐ 4கே-யில் ஐந்து மீட்டர் தாண்டினாலே நம்ப முடியாது. 1080பி போதும் என்றால் நல்ல கேபிள் பத்து மீட்டர் வரை தாங்கும். அதற்கு மேல் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ, அல்லது கேட் 6 மேல் ஓடும் ஹெச்டிபேஸ்டி எக்ஸ்டெண்டர். ஆப்டிகல் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்', மறு முனையில் 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும். திருப்பி இழுத்துவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும், பூச்சு காய்ந்த பிறகுதான் தெரியவரும். ஆகவே பைப்பில் விடும் முன் தரையில் விரித்து, லேப்டாப்பும் டிவியும் மாட்டிப் பார்த்துவிடுங்கள். பைப்பும் ஒன்றரை இன்ச் இருக்கட்டும். ஒரு இன்ச் பைப்பின் வளைவில் ஹெச்டிஎம்ஐ தலை கண்டிப்பாகச் சிக்கும்.

ஸ்விட்ச்

நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரன்ட் அனுப்பும் பிஓஇ-யில் இரண்டு எண்கள் உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும். ஒரு போர்ட் எவ்வளவு தரும் என்பது ஒன்று: தரம் 802.3ஏஎஃப் என்றால் 15.4 வாட், ஏடி என்றால் 30 வாட், பிடி என்றால் 60 அல்லது 90 வாட். கேபிளில் விரயமானது போக மறுமுனைக்கு ஏஎஃப்-இல் 12.95 வாட்டும் ஏடி-யில் 25.5 வாட்டும்தான் உறுதி. ஸ்விட்ச் மொத்தமாக எவ்வளவு தரும் என்பது மற்றது. எட்டு போர்ட்டிலும் 30 வாட் என்று முகப்பில் போட்டிருக்கும்; உள்ளே மொத்த பட்ஜெட் 65 வாட்டாக இருக்கும். இரண்டு வைஃபை ஆக்சஸ் பாயின்ட், நாலு சிசிடிவி கேமரா ஏற்கெனவே அதில் தொங்கிக்கொண்டிருந்தால், கடைசியில் செருகிய டச் பேனலுக்கு மிஞ்சுவது ஏதுமில்லை. இரவில் கேமராக்களின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் பேனல் செத்துப்போகிறது என்றால் காரணம் இதுதான்.

வேகத்தை இரு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள். ஸ்விட்சில் '100 ஃபுல்' என்று கட்டிவைத்து, மறுபக்கம் ஆட்டோவாக இருந்தால், ஆட்டோ பக்கம் வேகத்தை மட்டும் சரியாகக் கண்டுபிடித்து ஹாஃப் டூப்ளெக்ஸில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும் என்று, உட்கார்ந்துகொள்ளும். பிங் (இணைப்பைத் தட்டிப் பார்க்கும் சிறு செய்தி) அழகாகப் போகும். வீடியோ காலில் படமும் குரலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் ஓடத் தொடங்கியதும் மோதல்தான். பழைய ஸ்விட்ச் இருக்கும் இடங்களில் இதை இன்னமும் பார்க்கலாம்.

கேபிள் வளையம் வந்துவிடாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஓடும் ஸ்விட்சில் இந்த போர்ட்களை எட்ஜ் போர்ட்டாக, சிஸ்கோ பாஷையில் போர்ட்ஃபாஸ்ட்டாக வையுங்கள். இல்லையென்றால் கேபிளைச் செருகியதும் 15 நொடி, இன்னொரு 15 நொடி என்று அரை நிமிடம் போர்ட் திறக்காது. அதற்குள் பார், முகவரி வழங்கும் டிஹெச்சிபி-யிடம் கேட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் 169.254 என்று ஒரு முகவரியை வைத்துக்கொண்டு 'நெட்வொர்க் இல்லை' என்று காட்டும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் அதே அரை நிமிடம் மறுபடி. ஆனால் ஸ்விட்ச் பக்கம் தொடாமல் பாரின் செட்டிங்ஸில் போய் முகவரியை மட்டும் புதுப்பித்தால் சரியாகிவிடும். இந்த வித்தியாசத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

இந்தச் சாதனங்களுக்கென்று தனி விலான், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க், வைப்பது நல்லது. பாரும் பேனலும் ஒரே விலானில் இருக்கட்டும். நெட்வொர்க் வழியாகப் பேசும் பேனல் பெரும்பாலும் அதே சப்நெட்டில்தான், அதாவது அதே முகவரித் தொகுதியில்தான், பாரைத் தேடும். போர்ட்கள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் போர்ட் ஐசொலேஷன் போட்டிருந்தால் ஒரே விலானில் இருந்தும் பார்க்காது. லேப்டாப், ஐபோனிலிருந்து வயர் இல்லாமல் திரையைப் பகிர வேண்டும் என்றால் வைஃபை விலானுக்கும் இந்த விலானுக்கும் நடுவே, சாதனத் தேடலைக் கடத்திவிடும் எம்டிஎன்எஸ் கேட்வே வேண்டும். அந்தத் தேடல் 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353-வது போர்ட்டில் (இது துளை அல்ல, மென்பொருளின் வாசல் எண்) போகிறது. அது தன் சப்நெட்டைத் தாண்டாது. 'ஏர்ப்ளேயில் அறையின் பெயரே வரவில்லை' என்ற புகாரில் பத்துக்கு ஒன்பது இதுதான்.

முகவரியைச் சாதனத்தில் கையால் அடிக்காமல் டிஹெச்சிபி ரிசர்வேஷனாக சாதனத்தோடு வரும் அடையாள எண்ணான மேக் முகவரியில் கட்டுங்கள். பிறகு விலான் மாற்றினாலும் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் மாற்றினாலும் ஏணி ஏற வேண்டியதில்லை.

வெளியே போகும் வழி

1080பி-யில் ஓர் அறைக்கு மேலே (அப்லோட்) 4 மெகாபிட், கீழே (டவுன்லோட்) 4 மெகாபிட், திரைப் பகிர்வுக்கு ஒன்றிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மெகாபிட் லைனில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் திணறுகிறதே என்றால், அளவைவிட வரிசைதான் கோளாறு. யாரோ ஒருவர் பத்து ஜிபி ஃபோல்டரை கிளவுடுக்கு ஏற்றுகிறார். ரூட்டரின் வாசலில் அப்லோட் நிரம்பி வழிகிறது. உங்கள் குரல் பாக்கெட் அதன் பின்னால் கால் கடுக்க நிற்கிறது. ஸ்பீட் டெஸ்ட் காலையில் போட்டால் இது தெரியாது. ரூட்டரில் அப்லோடை லைனின் உண்மையான வேகத்தில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டி, குரலுக்கு 46, படத்துக்கு 34 என்று பாக்கெட்டில் குறிக்கும் டிஎஸ்சிபி எண்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். இந்தக் குறிகளுக்கு இணையத்தில் மரியாதை கிடையாது. உங்கள் ஸ்விட்ச், உங்கள் ரூட்டர் வரைதான் செல்லும். ஆனால் நெரிசல் அங்கேதானே இருக்கிறது. இலக்கு இதுதான்: ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள், ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30-க்குள், பாக்கெட் இழப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழே.

ஃபயர்வாலில் டிசிபி 443 மட்டும் திறந்திருந்தால் கால் சேரும். அதனால் 'எல்லாம் திறந்திருக்கிறது' என்று நம்பிவிடுவார்கள். டிசிபி என்பது தொலைந்ததை மறுபடி அனுப்பும் முறை; படமும் குரலும் அப்படித் திரும்ப அனுப்பாத யூடிபி-யில் போக விரும்புகின்றன. டீம்ஸுக்கு யூடிபி 3478 முதல் 3481 வரை, ஜூமுக்கு 8801 முதல் 8810 வரை, கூகுள் மீட்டுக்கு 3478. இவை அடைபட்டால் எல்லாம் டிசிபி-க்குள் நுழைந்துகொள்ளும். டிசிபி-யில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்பி வரும் வரை பின்னால் வந்தவை காத்திருக்கும். அதனால்தான் எதிராளி ஐந்து நொடி சிலையாக நின்று, பிறகு வேகமாக ஓட்டிய டேப் மாதிரி பேசி முடிக்கிறார். நேரலைக்குத் தொலைந்தது தொலைந்ததாகவே இருப்பதுதான் நல்லது. ஹெச்டிடிபிஎஸ் என்ற குறியாக்கப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஃபயர்வால் என்றால் இந்தச் சேவைகளின் முகவரிகளுக்கு விலக்கு கொடுங்கள். பார் உங்கள் ஃபயர்வாலின் சான்றிதழை நம்பாது, லாகின் பக்கத்திலேயே நின்றுவிடும்.

நேரம் தப்பாக இருந்தாலும் இதே அறிகுறிதான். மாதக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கோடவுனில் கிடந்த சாதனம் எழும்போது அதன் கடிகாரம் ஏதோ பழைய தேதியில் இருக்கும். அந்தத் தேதிக்கு எந்தச் சான்றிதழும் செல்லாது. நேரம் கேட்கும் யூடிபி 123 திறந்திருந்தால் தானே சரிசெய்துகொள்ளும். 'இணையம் இல்லை' என்று காட்டும் பாரில் முதலில் தேதியைப் பாருங்கள்.

நம் ஊரில் மட்டும் அதிகம் பார்க்கும் ஒன்று, இரண்டு நிறுவனங்களின் ஃபைபரை வாங்கி வேலையை இரண்டுக்கும் பங்கிடுவது (லோட் பேலன்ஸ்). பிரவுசருக்கு நல்லது. வீடியோ காலுக்கு ஆபத்து. அழைப்பின் பேச்சுவார்த்தை ஒரு லைனில் போய், படம் வேறு லைனில் போனால், எதிர்ப்பக்கம் இரண்டு வேறு பப்ளிக் முகவரிகளைப் பார்த்துக் குழம்பும். வீடியோ விலானை ஒரே லைனில் கட்டிவிட்டு, மற்றது அது செத்தால் மட்டும் என்று வையுங்கள். லைன் மாறும் நொடியில் கால் அறுந்து மறுபடி சேரும். அதைத் தடுக்க முடியாது, தானாகச் சேர்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டியான ஓஎன்டி ஒரு ரூட்டராகவும், உங்கள் ஃபயர்வால் அதற்குப் பின்னால் இன்னொரு ரூட்டராகவும் இருந்தால், முகவரியை இரண்டு முறை மாற்றும் இரட்டை நாட். ஓஎன்டி-யை வெறும் பாலமாக ஓடும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள். அதன் பிறகும் உங்கள் ரூட்டரின் இணையப் பக்க (வான்) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், நிறுவனமே இன்னொரு நாட்-க்குப் பின்னால் உங்களை வைத்திருக்கிறது. டீம்ஸ், ஜூமுக்கு அது பரவாயில்லை. வெளியிலிருந்து நேராக அழைக்கும் பழைய வீடியோ கான்ஃபரன்ஸ் செட்டுகளுக்கு, மாறாத முகவரியான ஸ்டேட்டிக் ஐபி வாங்கியே ஆக வேண்டும்.

பழைய செட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்.323 என்பது 1996-இல் வந்த வீடியோ அழைப்புத் தரம். அரசு அலுவலகங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும் அதுவும் எஸ்ஐபி என்ற இன்னொரு அழைப்புத் தரமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஹெச்.323 அழைப்பு டிசிபி 1720-இல் தொடங்கும், எஸ்ஐபி 5060-இல், குறியாக்கத்தோடு என்றால் 5061-இல். எஸ்ஐபி-யில் வரும் கோளாறுகளை நேரத்தை வைத்தே அடையாளம் காணலாம். கால் சேர்ந்து சரியாக 32 நொடியில் அறுந்தால், 'கேட்டது' என்ற கடைசி ஒப்புகைச் செய்தி எதிர்ப்பக்கம் போய்ச் சேரவில்லை. அரை நொடியைப் போல 64 மடங்கு நேரம் காத்திருந்து எதிர்ப்பக்கம் கைவிடுகிறது. 15 நிமிடத்திலோ 30 நிமிடத்திலோ அறுந்தால் செஷன் டைமர்: இடையில் வரும் புதுப்பிப்புச் செய்தியை ஃபயர்வால் விழுங்குகிறது. நாம் பேசுவது அங்கே கேட்கிறது, அங்கே பேசுவது இங்கே கேட்கவில்லை என்றால், செட் தன் 192.168 முகவரியையே எதிராளியிடம் கொடுத்திருக்கிறது; அவர் அந்த முகவரிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். மூன்றுக்குமே முதலில் செய்ய வேண்டியது ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணைப்பது. உதவிசெய்வதாகச் சொல்லி செய்திக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தி, பாதியில் விட்டுவிடும் குணம் அதற்கு. அணைத்தபின் செட்டில் நாட் பகுதியில் பப்ளிக் ஐபி-யை எழுதுங்கள்.

குரல் வருகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூ-வைச் சந்தேகப்படுங்கள். குரல் பாக்கெட் சின்னது, படத்தினுடையது பெரிசு. யூசர்நேம், பாஸ்வேர்டோடு சேரும் பிபிபிஓஇ லைனில் 1500 அல்ல, 1492 பைட்தான் போகும். மேலே விபிஎன் இருந்தால் இன்னும் குறையும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1464 பைட் பிங் போய், 1472 போகவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

செட்டுக்கு நேராக பப்ளிக் ஐபி கொடுத்து வைக்காதீர்கள். இணையத்தில் இரவும் பகலும் 5060, 1720 போர்ட்களைத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் ஓடுகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு யாருமில்லாத அறையில், 100, 1000 போன்ற எண்களிலிருந்து அழைப்பு மணி அடிப்பது அதனால்தான். ஆட்டோ ஆன்சர் போட்டிருந்தால் மணி அடிக்காது. கேமரா திறந்து, அறையில் நடப்பதெல்லாம் வெளியே போகும். ஆட்டோ ஆன்சரை அணைத்து, அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கரன்ட்

75 இன்ச் டிவி, பார், ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து 400 வாட்டுக்குள் அடங்கும். ஒரு கேவிஏ யூபிஎஸ் போதும். அறைக்கு யூபிஎஸ் கொடுத்துவிட்டு, கீழ்த்தளத்தில் இருக்கும் ஓஎன்டி-யைச் சாதாரண பிளக்கில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கரன்ட் போனதும் டிவி பிரகாசமாக எரியும், கால் மட்டும் செத்துப்போகும்.

டிவி, பார், மேஜை சாக்கெட் மூன்றும் ஒரே யூபிஎஸ் லைனில், ஒரே எர்த்தில் இருக்கட்டும். டிவி யூபிஎஸ்-இலும் மேஜையில் செருகும் லேப்டாப் வேறு ஃபேஸிலும் இருந்து எர்த்தும் சரியில்லை என்றால், ஹெச்டிஎம்ஐ கேபிளின் உறை வழியாக கரன்ட் ஓடும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சலாக ஆரம்பிக்கும். ஒரு நாள் செருகும்போது சின்னப் பொறி தட்டி ஹெச்டிஎம்ஐ போர்ட் போய்விடும். மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் வந்து போகும் வரை எதையும் மாட்ட வேண்டாம்.

இப்போது பெட்டியைப் பிரிக்கலாம்

கேமராவின் லென்ஸ் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருப்பது நல்லது. டிவியை அழகுக்காக மேலே ஏற்றி, பாரை அதற்கும் மேலே வைத்தால் எதிராளிக்குத் தெரிவது பத்து வழுக்கையும் மேஜையும்தான். ஜன்னலுக்கு எதிரே கேமராவை வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் கனமான திரை போடுங்கள்.

முதல் தடவை ஆன் செய்ததும் புது ஃபர்ம்வேர் (சாதனத்தின் உள் மென்பொருள்) இறங்கும். அரை மணி நேரம்கூட ஆகலாம். திரை கறுப்பாகி, விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கினால் பார் எழாமலே போகலாம்.

படத்தில் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நிழல் ஊர்ந்தால் கேமரா கெட்டுப்போகவில்லை. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். சில சாதனங்கள் 60-இல் வரும். எல்இடி விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குவதும் கேமராவின் ஷட்டரும் ஒத்துப்போகாததால் வரும் பட்டை அது. செட்டிங்ஸில் ஆன்டி ஃபிளிக்கரை 50-க்கு மாற்றினால் அந்த நொடியே மறையும்.

என்னைக் கேட்டால் படத்தைவிடக் குரலுக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்க வேண்டும். படம் மங்கலானால் மீட்டிங் நடக்கும். குரல் போனால் நடக்காது. பாரில் உள்ள மைக் மேஜையின் கடைசி நாற்காலியை நம்பும்படி எடுக்காது; அதனால்தான் மேஜை மைக். அதற்கு மேலே சீலிங் ஃபேன் ஓடினால் காற்று மைக்கில் மோதி எதிர்ப்பக்கம் புயலாகக் கேட்கும். இந்த அறைகளில் ஃபேன் வேண்டாம். ஸ்ப்ளிட் ஏசியின் காற்று மேஜையில் இறங்காதபடி திருப்புங்கள். கண்ணாடிச் சுவரும் வெறும் டைல்ஸும் குரலைத் திருப்பியடிக்கும்; கேமராவுக்கு எதிர்ச் சுவரில் துணித் திரையோ ஒலி உறிஞ்சும் பேனலோ போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

குரலை டிவி ஸ்பீக்கர் வழியாக விடும் ஆசை சிலருக்கு உண்டு. எதிரொலியை அழிக்க, தான் என்ன ஒலி அனுப்பினோம், எப்போது அனுப்பினோம் என்று பாருக்குத் தெரிய வேண்டும். டிவி தன் படச் சீரமைப்புக்காக ஒலியை நிறுத்திவைத்து விடும்போது அந்தக் கணக்கு தவறி, பேசுபவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும். பாரின் சொந்த ஸ்பீக்கரையே பயன்படுத்துங்கள். கட்டாயம் டிவிதான் என்றால் கேம் மோடில் போடுங்கள்.

அறைக்கு ஒரு கணக்கு

டீம்ஸ் அறை என்றால் ஒரு ரூம் மெயில்பாக்ஸ் வேண்டும். அதன் பாஸ்வேர்ட் காலாவதி ஆகாதபடி வையுங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை எல்லா அறைகளும் ஒன்றாக லாக் அவுட் ஆகும். ஃபோனுக்கு ஓடிபி வரும் இரண்டடுக்குச் சோதனையையும் இந்தக் கணக்குக்கு வைக்க முடியாது, அறையிடம் ஃபோன் ஏது? அதற்குப் பதில் அலுவலக முகவரியிலிருந்தும் பதிவுசெய்த சாதனத்திலிருந்தும் மட்டும் நுழையலாம் என்று கட்டுப்படுத்துங்கள்.

'ஜாயின் பட்டன் வரவில்லை' என்பதற்குக் காரணம் மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்சின் இயல்பான நடத்தைதான். ரூம் மெயில்பாக்ஸ் அழைப்பை ஏற்கும்போது தலைப்பை எடுத்துவிட்டு, ஏற்பாடு செய்தவர் பெயரைப் போட்டு, உள்ளடக்கத்தையும் அழித்துவிடும். ஜூம் போன்ற வேறு சேவையின் இணைப்பு அந்த உள்ளடக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளடக்கத்தை அழிக்காதே, வெளி நிறுவன அழைப்புகளையும் ஏற்றுக்கொள் என்ற இரண்டு அமைப்புகளை கட்டளை தட்டும் பவர்ஷெல்லில் மாற்றினால் பட்டன் வரும்.

ஒப்படைக்கும் முன்

ஐந்து நிமிட டெஸ்ட் கால் எதையும் சொல்லாது. மேலே சொன்ன டைமர்கள் எல்லாம் 15, 30 நிமிடத்தில் வருகின்றன. குறைந்தது 45 நிமிடம் ஓடட்டும். ஏசி போட்டு, கதவைச் சாத்தி, கடைசி நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள். குரலை உயர்த்திப் பேசி 'கேட்குதா' என்று கேட்பது சோதனையே இல்லை. இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசிப் பாருங்கள், ஒருவர் குரல் முழுகிப்போகிறதா என்று. நடுவில் ஒருவர் பெரிய ஃபைலை அப்லோட் செய்யட்டும். திரையைப் பகிர்ந்து, எடுத்து, வேறு லேப்டாப்பில் பகிருங்கள். பின்னர் மெயின் சுவிட்சை இறக்கி, கால் யூபிஎஸ்-இல் நிற்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் முடிந்ததும் ஸ்விட்சுக்குள் போய், அந்த போர்ட்டில் சிஆர்சி எரர் (சிதைந்து வந்த டேட்டா) எண்ணிக்கையைப் பாருங்கள். பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு ஏறியிருந்தாலும் கேபிளின் இரு முனையையும் அறுத்து மறுபடி க்ரிம்ப் செய்யுங்கள், இப்போதே, ஏணி அங்கே இருக்கும்போதே.

பாரின் சீரியல் எண், மேக், ஐபி, விலான் எண், சுவர்க் கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனலில் எத்தனையாவது துளை, ஸ்விட்சில் எத்தனையாவது போர்ட், ஃபைபர் நிறுவனத்தில் உங்கள் கணக்கு எண், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, ராக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.